பாதி சிவப்பு, பாதி பச்சை

மோன்ரபெல் ரக்பி கிளப்பின் வரலாற்றை அதன் தலைவர், நோட்டரி ஆன்செல்ம் த லாக்ராப், சனிக்கிழமை இரவு விருந்தில் வாத்துக்கறி ஆறிப்போகும் வரை வாசித்தார். கிளப்பை நிறுவியவர்கள் சகோதரத்துவத்தில் நம்பிக்கை கொண்ட மூன்று லட்சியவாதிகள் என்றார். உண்மையில் அது ஒரு ஒயின் வியாபாரியின் மகன் செய்த வேலை. அவன் போர்தோ துறைமுகத்தில் ஆங்கிலேயர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவன் ஊரில் சந்தைதோறும் நடப்பதுதான் அது. ஆங்கிலேயர்கள் அதற்கு ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள், அவ்வளவே.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வில்கூர்ப் ஊரோடு நடந்த முதல் ஆட்டத்தை நோட்டரி 'ஆர்வம் மிகுந்த தொடக்கம்' என்று வர்ணித்தார். அன்று பந்து மாட்டுவண்டியில் தாமதமாக வந்து சேர்ந்தது. வருவதற்குள் இரண்டு தாடைகளும் ஒரு தோள் எலும்பும் போய்விட்டிருந்தன. பந்தை மைதானத்தில் வைத்ததும், இது என்ன இடைஞ்சல் என்பதுபோல் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிற்பாடு ஒரு நடுவர் மாதா கோயில் மணிக்கூண்டில் ஏறி ஒளிந்துகொண்டதும், போலீஸ் வந்து ஏணி வைத்து அவரை இறக்கியதும் 'சிறு கருத்து வேறுபாடு' ஆயின. அப்புறம் உலகப் போர் வந்தது. 'துயரமான இடைவெளி' என்று குரலைத் தாழ்த்தினார் நோட்டரி. போர்க்காலம் முழுக்க அந்த இரண்டு ஊருக்கும் நடுவே அமைதி நிலவியது என்பதை அவர் சொல்லவில்லை.

லூசியன் பெய்ரூ இதில் எதையும் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த வில்கூர்ப்காரன் ரவூல் பர்ரேரையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தது இடது கண்ணால். வலது கண்ணில் வெறும் நிழல்தான் தெரியும். வில்கூர்ப்போடு நடந்த ஒரு பழைய ஆட்டத்தில், தலைகள் கோத்துக் கிடந்த கும்பலுக்குள் ரவூலின் இரண்டு விரல்கள் அந்தக் கண்ணைத் தேடி வந்து வேலையை முடித்துவிட்டுப் போயின. அதுவரை லூசியன் லாரி ஓட்டினான். கண் போனதும் லைசென்ஸ் போனது. இப்போது வாத்துக் கல்லீரலை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை. அங்கே வருகிற வாத்துகளில் பாதி ரவூலின் பண்ணையில் வளர்ந்தவை. அந்தப் பெட்டிகள் வரும் நாளில் லூசியனின் கத்தி தேவைக்கு மேல் வேகமாக இறங்கும்.

முப்பத்தெட்டு வயதிலும் அவன் ஆட்டத்தை விடாததற்குக் காரணம் அந்தக் கண்தான். அதைத் திருப்பி வாங்க வேண்டும். அடுத்த வருடம் ரவூல் தடையில் இருந்தான், யாரையோ கடித்ததற்காக. அதற்கடுத்த வருடம் தடையில் இருந்தது லூசியன். அப்புறம் ரவூலின் முழங்கால். ஒரே ஒரு தடவை நேராக வாய்த்தது. ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. வீசிய குத்து ரவூலைத் தாண்டிப்போய் வில்கூர்ப் பள்ளி வாத்தியாரின் தாடையை உடைத்தது. வாத்தியார் நல்ல மனிதர். லூசியன் மருத்துவமனைக்கு பிளம் பழ மது வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"பெய்ரூ, அந்த ரொட்டியத் தள்ளு" என்றான் ரவூல்.

"நீயே எடுத்துக்க. உனக்குத்தான் கை நல்லா நீளுமே."

"இன்னும் அதையே புடிச்சிட்டு தொங்குறியா? அந்தக் கும்பலுக்குள்ள எது யாரு மூஞ்சின்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? ஒரே இருட்டு."

"உனக்கு அரை நிமிஷம் இருட்டு. எனக்கு இன்னும் விடியல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரவூலும் சிரித்தான். லூசியன் சிரிக்கவில்லை.

இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததற்குக் காரணம் சகோதரத்துவம் இல்லை, ஆள் பஞ்சம். பையன்களெல்லாம் துலூஸுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். எந்த ஊராலும் தனியாகப் பதினைந்து பேரைத் திரட்ட முடியவில்லை. மாவட்ட ரக்பிக் குழுவும் இவர்களைப் பற்றிய புகார்களைப் படித்துக் களைத்துப்போயிருந்தது. இரண்டு கிளப்பும் ஒன்றாகுங்கள், இல்லையென்றால் மூடுங்கள் என்றது குழு. ஒன்றான பிறகு இன்னும் ஒரே ஒரு கலகம் நடந்தாலும் அங்கீகாரம் ரத்து. சட்டை நிறத்துக்காக நாலு கூட்டம் நடந்து, எவரும் விட்டுக்கொடுக்காமல், இடது பாதி மோன்ரபெல்லின் சிவப்பு, வலது பாதி வில்கூர்ப்பின் பச்சை என்று முடிவானது. போட்டுக்கொண்டால் எல்லாரும் பழுக்கத் தொடங்கிய தக்காளிபோல் இருந்தார்கள். பயிற்சிக்கு மோன்ரபெல்காரர்கள் செவ்வாய்க்கிழமை வந்தார்கள், வில்கூர்ப்காரர்கள் வியாழக்கிழமை. அசம்பாவிதம் வேண்டாம் என்ற முன்யோசனை அது. ஆக, மறுநாள் ஞாயிறு லார்பியெக் ஊர் அணியோடு நடக்கும் ஆட்டத்தில்தான் பதினைந்து பேரும் முதல்முறையாகச் சேர்ந்து நிற்கப்போகிறார்கள்.

பாலாடைக்கட்டி பரிமாறும்போது நோட்டரி லூசியனை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"லூசியன், நாளைக்கு உன் கை சும்மா இருக்கணும்."

"என் கை என்னங்க பண்ணுச்சு?"

"என்கிட்ட வெளையாடாத. முதல் குத்து உன்னோடதுன்னு ஊருக்கே தெரியும்."

அது மோன்ரபெல் வழக்கம். அதை நோட்டரியின் வரலாறு தொடவில்லை. ஆட்டத்தின் முதல் முட்டலில், அதாவது இரு அணியும் முதல்முறை தலை கோத்துத் தள்ளும்போது, முன்வரிசையின் இடதுபக்கம் நிற்பவன் ஒரு குத்து விடுவான். அவன் குத்திவிட்டால் மற்ற பதினாலு பேரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கைக்கு எட்டிய எதிராளியை அடிக்க வேண்டும். முப்பது பேரும் அடித்துக்கொண்டால் நடுவரால் எல்லாரையும் வெளியேற்ற முடியாது. எல்லாரையும் முடியாததால் ஒருவரையும் வெளியேற்ற மாட்டார். அதற்குப் பிறகு ஆட்டம் ஒழுங்காக நடக்கும். தகப்பன் காலத்திலிருந்து அந்த இடதுபக்கம் பெய்ரூ குடும்பத்துடையது.

"நாளைக்கு நீ கைய ஓங்குனா கிளப் இல்ல. நூறு வருஷத்து வரலாறு ஒன் கையில இருக்கு."

"அது எப்பவும் அங்கதாங்க இருந்துச்சு" என்றான் லூசியன்.

"சத்தியம் பண்ணு."

லூசியன் சத்தியம் செய்தான். லார்பியெக் ஆட்களை மட்டும் அடிக்க மாட்டேன் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டான். அவர்கள்மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை.

ஞாயிறு மழை பெய்து ஓய்ந்திருந்தது. லார்பியெக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முஷ்டியில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவர் மைதானத்தின் வாசல் எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் யாரோ பந்தை நழுவவிட, அவர் விசில் ஊதினார். முதல் முட்டல்.

எட்டுக்கு எட்டு பேர் குனிந்து தலை கோத்து முட்ட வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவன் இரு பக்கத்தவர் தோளிலும் கைபோட்டுத் தொங்கிக்கொண்டே பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பான். அந்த இடம் ரவூலுடையது. இடதுபக்கம் லூசியன். இத்தனை வருடம் எந்த உடம்பை நொறுக்க ஆசைப்பட்டானோ, அதே உடம்பை இடுப்போடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பூண்டும் சோம்பு மதுவும் சேர்ந்து நாறியது.

"மெதுவாப் புடி கிழவா. நான் ஒன் பொண்டாட்டி இல்ல" என்றான் ரவூல்.

"வாய மூடிட்டுக் குனி."

முட்டினார்கள். எலும்போடு எலும்பு மோதும் சத்தம். லூசியனுக்கு எதிரே துப்பூய் என்ற லார்பியெக் ஆள், கழுத்தே இல்லாத உடம்பு. அவன் தலை லூசியனுக்கும் ரவூலுக்கும் நடுவே ஆணிபோல் இறங்கியது. அவனுடைய வெளிக்கை லூசியனின் சட்டையைப் பிடித்தது, விட்டது, கன்னத்தில் ஏறியது. இடதுபக்கக் கன்னம். கட்டைவிரல் கண்குழிக்குள் நுழைந்தது.

எஞ்சியிருந்த வெளிச்சமும் போனது. பின்னாலிருந்து ஐந்து பேர் தள்ளுகிறார்கள். ஒரு கை ரவூல் இடுப்பில், மறு கை எதிராளியின் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்தால் கழுத்து முறியும். லூசியன் கத்தினான். மண்ணுக்குள் போன சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. விரல் இன்னும் உள்ளே போனது. மனைவி மார்த் தன் கையைப் பிடித்துச் சந்தைக்குக் கூட்டிப்போவது அந்த நொடியில் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் பார்க்கப்போகும் கடைசிக் காட்சி அதுதான் என்று தோன்றியது.

அப்போது துப்பூய் அலறினான். பன்றி அறுக்கும் முற்றத்தில்தான் அப்படி ஒரு அலறல் கேட்கும். விரல் கண்ணை விட்டு வெளியே வந்தது. கும்பல் உடைந்து பதினாறு பேரும் சேற்றில் சரிந்தார்கள். துப்பூய் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தான். பொத்திய விரல்களுக்கு இடையே ரத்தம் வழிந்தது.

லூசியன் மண்டியிட்டு எழுந்து, நீர் கொட்டிக்கொண்டிருந்த கண்ணைத் திறந்தான். வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்தில் ரவூல் இருந்தான். இரண்டு கையும் அடுத்தவர் தோளில் மாட்டிக்கொண்டிருந்த நிலையில் அவனிடம் மிச்சம் இருந்தது பல் மட்டுமே. அதை வைத்து வேலையை முடித்திருந்தான். வாயில் இருந்த எதையோ புல்லில் துப்பினான்.

"நல்ல கண்ணு தப்பிச்சுதா?" என்று கேட்டுவிட்டு, ரத்தப் பல்லோடு சிரித்தான். நன்றியை எதிர்பார்க்கும் முகம். ஒரு கை தூரத்தில், அசையாமல் இருந்தது. இந்தத் தூரத்தில் ஒற்றைக் கண்ணுக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை.

நோட்டரிக்குச் செய்த சத்தியம் லூசியனுக்கு நினைவு வந்தது. கிளப்பும் நினைவு வந்தது. இவன் இனி எப்போதும் தன் பக்கத்திலேயேதான் நிற்பான், எதிரே நிற்கவே மாட்டான் என்பதும் நினைவு வந்தது. அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. தரையிலிருந்து எழும்பிய குத்து ரவூலின் வலது கண்ணுக்குக் கீழே இறங்கியது. எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது.

மோன்ரபெல் ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பெய்ரூ குத்திவிட்டான். கைக்கு எட்டிய ஆளை அடிக்க வேண்டும். எட்டியவன் வில்கூர்ப்காரன். எல்லாருக்கும் ஒரே சட்டை என்பதால் முகம் பார்த்து அடித்தார்கள். ஞானஸ்நானம் முதல் தெரிந்த முகங்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. தாடை உடைந்த வாத்தியார் பழைய பாக்கியோடு நேராக ஒரு மோன்ரபெல்காரனின் மூக்கை உடைத்தார். மைதானத்தின் மறுகோடியில் நின்ற கடைசி ஆள் பந்துக்காகக்கூட ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. ஓடிவந்த வேகத்தில் இரண்டு பேரைச் சாய்த்து, மூன்றாவது ஆளின் முழங்கை பட்டுத் தானும் சாய்ந்தான். கீழே விழுந்தவர்களை ஆணி பதித்த பூட்ஸ் மிதித்தது. பார்வையாளர் பக்கம் வேலி சரிந்தது. இரு ஊர்ப் பெண்களும் குடைகளோடு இறங்கினார்கள்.

லார்பியெக்காரர்கள் துணி சுற்றிய முஷ்டியோடு கொஞ்ச நேரம் காத்து நின்றார்கள்.

"நம்மள யாரும் அடிக்க மாட்டாங்களா?" என்றான் துப்பூய், காதைப் பொத்தியபடி.

"உக்காரு. டிக்கெட் இல்லாம பாக்கலாம்" என்றான் அவர்கள் கேப்டன்.

நடுவர் தன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். எதிரணி ஆளை அடித்தால் என்ன செய்வது என்று விரிவாக இருந்தது. சொந்த அணியே சொந்த அணியை அடித்தால் என்ன என்று எழுத, எழுதியவனுக்குத் தோன்றவில்லை. கடைசியில் நோட்டரி த லாக்ராப் இறங்கி வந்தார். "சகோதரர்களே" என்று ஆரம்பித்தார். இடித்தது எந்த ஊர் முழங்கை என்று இன்றுவரை தெரியவில்லை. அவருடைய மேல் வரிசைப் பல் செட் சேற்றில் விழுந்தது. வரலாறு அத்தோடு நின்றது.

மாவட்ட மருத்துவமனையின் நடைக்கூடத்தில் பாதி சிவப்பும் பாதி பச்சையுமாகப் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ரவூலின் முகம் ஒரு பக்கம் பூசணிபோல் வீங்கியிருந்தது. அவன் லூசியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேறு இடம் இல்லை.

"ஒன் கண்ணக் காப்பாத்தினேன்டா நான்."

"தெரியும். அந்தக் கண்ணாலதான் குறி பாத்தேன்."

ரவூல் சிரிக்கப் போய், வலியில் நிறுத்திக்கொண்டான். "டாக்டர் சொல்லிட்டான். எலும்புதான் போச்சு. பார்வைக்கு ஒண்ணும் இல்லையாம்."

லூசியன் தலையைத் திருப்பி அந்த வீங்கிய கண்ணைப் பார்த்தான். இமைகளின் இடுக்கில் கருவிழி தெளிவாக உருண்டு அவனைத் திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. பாவம்டா நீ." ரவூல் கன்னத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தான். "ஆனா இத நான் சும்மா விட மாட்டேன். கடிச்சுக் காப்பாத்துனவன அடிச்சிருக்க. இத நான் உனக்குத் திருப்பித் தரணும்."

"எங்க வச்சுத் தருவ? கிளப்ப மூடிருவானுங்க."

ரவூல் யோசித்தான். அவன் முகத்தில் முதல்முறையாக உண்மையான கவலை தெரிந்தது.

"தெருவுல அடிச்சா போலீஸ் புடிச்சுருவான்ல" என்றான்.

"புடிச்சுருவான்."

நர்ஸ் வந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அங்கீகாரம் ரத்தானது. இலையுதிர் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். இது யாருக்கும் ஒத்துவரவில்லை, குறிப்பாகப் பெண்களுக்கு. குளிர் குறையும்போது ஒரு செய்தி ஆற்றைக் கடந்து வந்தது. போட்டித் தொடரின் கடைசிப் பிரிவில், புதுப் பெயரில், வில்கூர்ப் தனியாக மனுப் போட்டிருக்கிறதாம். துலூஸுக்குப் போன பையன்களை வாத்தும் மதுவும் காட்டி ஞாயிறுக்கு மட்டும் கூட்டிவருவதாக ரவூல் பர்ரேரே வீடு வீடாக அலைந்தானாம்.

அடுத்த வாரமே மோன்ரபெல் காபிக்கடையில் கூட்டம். நோட்டரி புதுப் பல்லோடு எழுந்து நின்றார். நம் இளைஞர்களுக்கு ஒழுக்கம் வேண்டும், பண்பாடு வேண்டும், ஆகவே ஒரு கிளப் வேண்டும் என்று விளக்கினார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"வில்கூர்ப்காரனுங்க ஆரம்பிச்சுட்டானுங்க" என்றான் பின்வரிசையிலிருந்து லூசியன்.

சீட்டுகள் கீழே இறங்கின. கைகள் மேலே போயின. நோட்டரி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. புனிதமான ஒரு நாள் இது என்றார். லூசியனின் வயதையும் தியாகத்தையும் கருதி அவனைப் பொருளாளராக நியமிக்கலாம் என்றும் முன்மொழிந்தார்.

"அதெல்லாம் வேற யாருக்காச்சும் குடுங்க" என்றான் லூசியன். "முன்வரிசையில இடதுபக்கம் எனக்கு. அப்புறம் ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவனுங்க நம்ம மைதானத்துக்கு வர்ற ஞாயிறு எது?"