ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்

நான் சுனில். நம் வீட்டில் எல்லோருக்கும் இதை அனுப்புகிறேன். பெங்களூரு காக்ஸ் டவுனில், ரெமிஜியஸ் அண்ணனின் கார் எலக்ட்ரிக்கல் கடையிலிருந்து பேசுகிறேன். இது அவருடைய போன். தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதீர்கள். விரல்களில் கட்டு இருக்கிறது, அதனால் நான் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. நம் ரவி அண்ணன் போன் அணைந்திருக்கிறது, அண்ணி எடுக்கவில்லை. நாளை காலை ஏழரைக்கு ரவி அண்ணன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேனை எடுத்துவிடுவான். அதற்குள் யாராவது இதைப் படித்தாக வேண்டும்.

இன்று மதியம் ஷில்பா டீச்சர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். இருபது வருட வண்டி. புது பேட்டரி போட்டும் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. ரெமிஜியஸ் அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் பதினாலு வோல்ட் இருந்தது. பேட்டரிக்கு வந்து சேர்ந்தது பன்னிரண்டுதான்.

“கரன்ட்டு நல்லாத்தான் கிளம்புது. நடுவுல எவனோ திங்கிறான். புடிடா அவனை.”

இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக்கம்பி. கறுத்துப் போயிருந்தது.

“யாரு மேடம் இந்தக் கைவேலை?” என்று கேட்டேன்.

“அதுவா? ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சு. ஒரு பையன் அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணான். கெட்டிக்காரன்.”

 போன மாதம் ஊருக்கு வந்தபோது நம் வேனில் நான் செய்ததும் அதேதான். மூன்று ஃபியூஸ் போனதும் கம்பியை முறுக்கி வைத்தேன். ‘பெங்களூரு மெக்கானிக்’ என்றீர்கள். நானும் பூரித்துப் போனேன்.

அந்த நினைப்பில், பேட்டரி டெர்மினலைக் கழற்றாமலே வயர்க் கற்றையை இழுத்துவிட்டேன். சூட்டில் வெந்திருந்த உறை உதிர்ந்து, வயர் காரின் இரும்பு பாடியில் பட்டது. பொறி பறந்தது. வயர் முழுக்கச் சிவந்து என் விரல்களைச் சுட்டது, டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை கக்கியது. ரெமிஜியஸ் அண்ணன் பாய்ந்து டெர்மினலைப் பிடுங்கினார். பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்தது.

“ஃபியூஸ் போவுதுன்னா எங்கியோ தப்பு இருக்குன்னு கத்துதுடா! குரைக்கிற நாயைக் கொன்னுட்டு, கதவைத் திறந்து போட்டுத் தூங்கியிருக்கான். எவன் போட்டானோ அவன் கையை ஒடிக்கணும்.”

“அய்யோ தேவ்ரே, தினம் என் பொண்ணை இதுலதானே கூட்டிட்டுப் போறேன்…” டீச்சர் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணா, எங்க ஊரு வேன்லயும் நான் இதான் போட்டு வச்சிருக்கேன்” என்றேன்.

ரெமிஜியஸ் அண்ணன் என் வெந்த விரல்களில் துணியைச் சுற்றினார். பிறகு தன் போனை என் கையில் திணித்தார். “மொதல்ல வீட்டுக்குச் சொல்லு. அப்புறம் உதைக்கிறேன்.”

நம் வேனில் பதினான்கு பிள்ளைகள். அந்த ஃபியூஸ் ஏன் போனது என்று நான் பார்க்கவே இல்லை. 

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், உடனே ரவி அண்ணனிடம் காட்டி வேன் சாவியை வாங்கி வையுங்கள். பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றச் சொல்லுங்கள். நான் வந்து பார்க்கும்வரை யாரும் வேனை எடுக்க வேண்டாம்.