மெத்துமெத்துச் செருப்பு

மரக்காணத்தில் எங்கள் கடை காம்ப்ளெக்ஸுக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உப்புக் காற்று உரித்துவிடும். பெயிண்ட் போனால் போகட்டும், ஈ.சி.ஆரில் ஏசி மால் ஒன்று வந்த பிறகு ஆட்களும் போய்விட்டார்கள். சங்கத் தலைவன் நடராசன், அதாவது நான், பதின்மூன்று கடைக்காரர்களையும் கூட்டிக் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினேன். மரியதாஸ் மட்டும் பைபிளைத் தொட்டார்.

"நம்ம ஆளு ஒருத்தரும் அந்த மால் வாசப்படிய மிதிக்கக் கூடாது. நாமளே அங்க போனா ஊரு எப்படிப்பா இங்க வரும்?"

பேச்சு நல்ல பேச்சுதான். பேசியவன் யோக்கியனாக இருந்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள், வளையல் கடை ராசம்மாள் முந்தின நாள் அந்த மாலின் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள் என்று தகவல் வந்தது. சும்மா விடுவேனா? கூட்டத்தின் நடுவில் நிற்க வைத்தேன்.

"ஏம்மா, சத்தியம் பண்ண கைச்சூடு இன்னும் ஆறல. வெக்கமா இல்ல?"

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொண்ணு ஆசப்பட்டுச்சுண்ணே. தப்புதான்" என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

அடச்சீ! அப்போது என் காலில் கிடந்ததே அந்த மாலில் வாங்கிய செருப்புதான். குதிகால் வலிக்கு மெத்தென்ற செருப்பு போடச் சொன்னார் டாக்டர். நானே செருப்புக் கடைக்காரன். ஆனால் உப்பளத்துக்குப் போகிறவர்கள் வாங்கும் ரப்பர் செருப்பைத் தவிர என் கடையில் என்ன இருந்தது? முந்தின நாள் நைசாகப் போய் வாங்கிவந்தேன். குலுக்கல் கூப்பன் நீட்டினார்கள். ஓசி என்றதும் பேரும் ஊரும் எழுதிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆட்களை மறுபடி இழுக்கக் காம்ப்ளெக்ஸைப் புதுப்பித்துத் திறப்பு விழா வைத்தோம். புதுப் பெயிண்ட், கலர் பல்பு, பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து பேண்டு செட். கூட்டமும் நன்றாகவே வந்திருந்தது. ரிப்பனை வெட்டக் கத்தரியை எடுத்தேன். அந்நேரம் மாலின் விளம்பர ஆட்டோ வாசலில் வந்து நின்று மைக்கில் கத்தியது.

"முதல் பரிசு வாஷிங் மெஷின்! மரக்காணம் நடராசன் எங்கிருந்தாலும் உடனே வரவும்!"

கடைக்காரர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ராசம்மாள் விறுவிறுவென்று ஆட்டோவிடம் போனாள். "ஏம்பா, ஊருல எத்தினி நடராசன் இருக்கான்! எங்க தலைவரு அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டாரு. போ, வேற தெருவுல போய்க் கத்து!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டோ நகர்ந்தது. அவள் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"கால்வலி தேவலையாண்ணே? அன்னைக்கு நீங்க இந்தச் செருப்ப போட்டுப் பாத்துக்கினு இருந்தப்போ நான் எதிர்லதான் துணி எடுத்துக்கினு இருந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அன்றைக்குக் கூட்டத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். செருப்பைக் கழற்றி, மைக் வைத்திருந்த மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு ரிப்பனை வெட்டினேன்.

"பாருங்க, நம்ம தலைவரு இந்த காம்ப்ளெக்ஸ கோயிலா நெனைக்கிறாரு!" என்றார் மரியதாஸ் மைக்கில்.

எல்லோரும் கைதட்டினார்கள். ராசம்மாளும் தட்டினாள்.