பாயிண்ட் எட்டு

தயிரை மெல்லிய துணியில் கொட்டி, நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்கி, குழாயில் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழுந்தது. பின்னால் நாற்காலி முனகியது. மாமனார் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"என்ன, அதைத் தூக்குல போட்டுட்டியா?"

"தண்ணி வடியணும் மாமா."

"இருந்த கொஞ்ச நஞ்ச உயிரும் போயிடும். போகட்டும்."

அவள் கோழியின் நெஞ்சுக் கறியிலிருந்து தோலை உரித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று. எட்டு மாதங்களாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதே நேரத்துக்கு இந்த நாற்காலி இப்படித்தான் முனகியது.

அவர் பால் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். லாரியில் வந்து இறங்கும் பாலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்து எழுத வேண்டும். ஆய்வகத்தில் அதற்குக் கண்ணாடிக் குழாய், அமிலம், சுழலும் இயந்திரம் எல்லாம் இருந்தன. இயந்திரம் சுற்றி நிற்பதற்குள் இவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்து எண்ணைச் சொல்லிவிடுவார். இயந்திரம்தான் பின்னால் வந்து ஒத்துக்கொள்ளும். அங்கே அவருக்குக் கொழுப்புக்காரர் என்று பெயர். பாலைப் பார்த்து வைத்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வைத்தவர்கள் வேறெதையோ பார்த்துத்தான் வைத்தார்கள்.

தொழிற்சாலையில் முதன்முதலாகக் கிரீம் பாக்கெட் போட்டபோது, அதை வைத்து என்னென்ன சமைக்கலாம் என்று காட்ட ஒரு சமையல்காரரை அழைத்து வந்திருந்தார்கள். அன்றைக்குச் சாப்பிட்ட சிக்கன் பாஸ்தாவை ஒரு தாளில் எழுதி வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் இறக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். பிறகு அது மருமகளிடம் வந்தது. பிறகு அவருடைய இதயம் பாதி வேலையை நிறுத்திக்கொண்டது. கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்றார்கள்.

"எந்தக் கொழுப்புன்னு டாக்டர் தெளிவாச் சொல்லலையே," என்று அன்று காரில் வரும்போது அவள் கேட்டாள். மாமனார் அவளை ஓரக்கண்ணால் பார்த்து, "இது பரவாயில்ல," என்றார். பத்து வருடத்தில் அவரிடமிருந்து அவள் வாங்கிய நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

லைட்டான பாஸ்தாவுக்கான வீடியோவை அனுப்பியது நாத்தனார். விமானத்தில் மூன்று மணி நேரத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் உடம்பை நடத்திக்கொண்டிருந்தாள். கிரீமுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பால். வெண்ணெய்க்குப் பதில் அரை ஸ்பூன் எண்ணெய். கெட்டியாவதற்கு வறுத்த மைதா, கடைசியில் தண்ணீர் வடித்த தயிர். 'டேஸ்ட்ல எந்த வித்தியாசமும் தெரியாது!' என்று அந்த வீடியோப் பெண் முப்பத்திரண்டு பல்லையும் காட்டினாள். பொய்யை இவ்வளவு மலர்ச்சியாகச் சொல்ல ஒரு பயிற்சி வேண்டும்.

முதல் ஞாயிறு மாமனார் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "பாயிண்ட் எட்டு," என்றார். பால் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். கொழுப்பு பாயிண்ட் எட்டு சதவீதம்.

"சுண்ணாம்பு. இந்தக் கோழி செத்ததுக்கே அர்த்தமில்லாமப் போச்சு."

அதற்குப் பிறகு வாரம் ஒரு பெயர். போஸ்டர் ஒட்டுகிற பசை. சலவைத் தண்ணீர். ஒரு தடவை இரக்கப்பட்டு ஒரு டம்ளர் நல்ல பாலைக் கலந்துவிட்டாள். "ஒண்ணு பாயிண்ட் ஒம்போது. திருட்டுத்தனமா? செய்யறதை ஒழுங்காச் செய், இல்லைன்னா செய்யாத," என்று தட்டைத் தள்ளினார்.

வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளையும் கணவனையும் மட்டும் நிறுத்திச் சொன்னார். "இனிமே ரொம்பக் கட்டுப்படுத்த வேணாம். ஆசைப்பட்டதைக் கொடுங்க." கணவன், யாரோ கடைக்கு வழி சொல்வதுபோலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள் அவள். கணவன் பின்சீட்டில் மூட்டைபோல உட்கார்ந்திருந்தான்.

"என்ன சொன்னான்?" என்றார் மாமனார், முன்சீட்டிலிருந்து.

"எல்லாம் நல்லா இருக்காம்ப்பா. இதே மாதிரி தொடரச் சொன்னாரு."

"இதே மாதிரின்னா? அந்தச் சுண்ணாம்பையா?"

சிக்னலில் அவள் கண்ணாடியில் கணவனைப் பார்த்தாள். அவன் செல்போனில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை நாத்தனார் போனில் வந்தாள். "டயட்டை நிறுத்திடாதீங்க அண்ணி. நாம கைவிட்டுட்டோம்னு ஆயிடக் கூடாது."

நாமாம். எட்டு மாதமாகத் துணியில் தயிர் பிழிந்த கைகள் எத்தனை என்று கேட்க நினைத்து, "சரிம்மா," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது ஒரு பாக்கெட் கிரீம் வாங்கினாள். ஃப்ரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் வைத்தாள். வாங்கிவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. மற்ற வீடுகளில் என்றால் சத்தமில்லாமல் ஊற்றிவிடலாம். இந்த நாக்குக்குக் கிரீமைக் கொடுப்பதும், டாக்டர் சொன்னதைத் தாளில் எழுதிக் கையில் கொடுப்பதும் ஒன்றுதான். முதல் வாயிலேயே படித்துவிடுவார்.

இப்போது நாற்காலியிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"மைதா கருகுது."

"கருகலை மாமா. வறுக்கறேன்."

"எனக்கு மூக்கு… இன்னும்… இருக்கு." நான்கு வார்த்தைக்கு இரண்டு இடத்தில் நிறுத்தினார். கால்கள் வீங்கிப் பளபளத்தன. செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தார். "போய்ப் படுக்கறேன். பசை ஆனதும் கூப்பிடு."

கைகொடுக்கப் போனால் திட்டு விழும். அடுப்பருகிலிருந்தே பார்த்தாள். சமையலறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை நின்றார். போன வாரம் ஒரு தடவை.

அவர் அறைக்குள் போன பிறகு, குழாயிலிருந்து துணியை அவிழ்த்தாள். தயிரைக் கிண்ணத்தில் தட்டி ஓரமாக வைத்தாள். வறுத்த மைதாவைக் குப்பையில் கொட்டினாள். வாணலியைக் கழுவி மறுபடி வைத்து, வெண்ணெய் போட்டு, பூண்டும் வெங்காயமும் வதக்கி, கறியைப் போட்டு, பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து முழுவதையும் ஊற்றினாள். கரண்டியின் முதுகில் அது தடித்துப் படிந்தது. வீடு முழுக்க வாசனை எழுந்தது.

வாசனை பிடித்துக் கணவன் வந்துவிட்டான். "கிரீமா? அப்பா கண்டுபிடிச்சிடுவாரே!"

"கண்டுபிடிக்கட்டும். நீங்க சொல்லாததை இதாவது சொல்லட்டும்."

அவன் முகம் சுருங்கியது. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை.

மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மாமனார் முள்கரண்டியில் ஒரு வாய் எடுத்து உள்ளே வைத்தார். தாடை இரண்டு தடவை அசைந்து நின்றது. நாக்கு மேலண்ணத்தில் அழுந்துவது கன்னத்தில் தெரிந்தது. கணவன் தன் தட்டைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லாததுபோலக் குனிந்திருந்தான். அவள் குனியவில்லை. அவரும் அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விழுங்கினார்.

"பாயிண்ட் எட்டு," என்றார்.

அவள் கையில் தண்ணீர்க் குவளை இருந்தது. அதை மேசையில் வைத்தாள்.

"சுண்ணாம்பு. இதுக்கா… அவ்வளவு நேரம் நின்ன?"

"அடுத்த வாரம் ஒழுங்காச் செய்யறேன் மாமா."

"நீ எந்த வாரமும்… ஒழுங்காச் செய்யமாட்ட." தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் போடு. செஞ்சு தொலைச்சிட்ட. வீணாப் போகக் கூடாதில்ல."

இரண்டாவது தடவையும் மீதியில்லாமல் சாப்பிட்டார். ரொட்டித் துண்டால் தட்டை வழித்தார். எழுந்து போகும்போது, "கைக்கு ருசியே கிடையாது," என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கணவன் சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "தெரியலை பாத்தியா? நாக்கு மரத்துப் போச்சு போல. பாவம். ஒருவிதத்துல நல்லதுதான்."

சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று சிரிக்கிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். அவர்களிடம் பேச இரண்டு வார்த்தையாவது இருக்கும். இவனிடம் என்ன பேசுவது? குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

நாலு மணிக்குத் தேநீர் கொண்டு போனாள். மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துத் தலையணைக்கு அருகில் வைத்திருந்தார். "மாமா," என்றாள். இன்னொரு தடவை, "மாமா." மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தேநீரில் ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கணவனைக் கூப்பிடப் போனாள்.

தெருமுனை டாக்டர் வந்து நாடி பார்த்தார், தாளில் எழுதினார். "கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"டயட் சாப்பாடுதான் டாக்டர்," என்றான் கணவன் முந்திக்கொண்டு. "எட்டு மாசமா ரொம்பக் கண்டிப்பா இருந்தோம்."

டாக்டர் பாராட்டுவதுபோலத் தலையசைத்தார். கணவன் அதை வாங்கிக்கொண்டான்.

நாத்தனார் இரவு பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தாள். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். நன்றாகத்தான் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவள், குடித்துக் கசக்கிய காகிதக் குவளையைப் போடக் குப்பைக்கூடையைத் திறந்தாள். கை அப்படியே நின்றது. பாக்கெட்டை இரண்டு விரலால் வெளியே எடுத்தாள்.

"அண்ணி. என்ன இது?"

"கிரீம்."

"அப்பாவுக்கா? இன்னைக்கா?" குரல் உயர்ந்தது. "எட்டு மாசமாக் காப்பாத்தினதை ஒரே மத்தியானத்துல… உங்களுக்கு அலுத்துப் போச்சு, அதானே? அலுத்துப் போச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

'சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப, இன்னொரு வீடியோ அனுப்பியிருப்பியா?' என்பது நாக்கு நுனிவரை வந்தது. வெளியே விட ஆசையாகவும் இருந்தது. ஆனால் நாத்தனாரின் சட்டையில் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தன. கழுத்துப் பக்கம் ஒரு துளை மிச்சமாக நின்றது.

"அப்பா கண்டுபிடிச்சிருப்பாரே," என்றாள் நாத்தனார். "ஒரு சொட்டுப் போட்டாலே சொல்லிடுவாரே. சொல்லலையா?"

"சொன்னாரு."

"என்ன?"

"பாயிண்ட் எட்டுன்னாரு."

நாத்தனார் பாக்கெட்டைப் பார்த்தாள். அதில் பெரிய எழுத்தில் இருபத்தைந்து சதவீதம் என்று போட்டிருந்தது.

"முழுப் பாக்கெட்டா?"

"முழுசும். வெண்ணெய் வேற."

பக்கத்து அறையில், வந்திருந்த பழைய தொழிற்சாலைக்காரர்களிடம் கணவன் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது: "கடைசியில நாக்கே மரத்துப் போச்சு சார்." யாரோ ஒரு கிழவர், "அவருக்கா?" என்றார்.

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது முனகியது.

"திட்டினாரா?"

"சுண்ணாம்புன்னாரு. கைக்கு ருசியே கிடையாதுன்னாரு. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாக்கெட்டைக் குழாயில் கழுவி, இரண்டாக மடித்து, நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "மீதி இருக்கா?" என்றாள்.

"இல்ல."

மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.

முதல் வகுப்பு மருந்துக்கடைக்கார அம்மாளுக்கு. ஐம்பது வயதில் கற்றுக்கொள்ள வந்தவர். பெரிய சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி அணைந்தது. சாவியைத் திருகினார். மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் எழுந்தன. முதலில் ஒன்று, பிறகு தெரு முழுக்க.

அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். அவள் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மேடம், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றார் அம்மாள். "வாயைத் திறந்து ஏதாவது திட்டுங்களேன். நீங்க இப்படி இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

அவள் குனிந்து அம்மாளின் காலைப் பார்த்தாள்.

"கிளட்ச்னா என்ன, உங்க வீட்டு வாசல் மிதியடியா? மிதிச்சிட்டு காலைத் தூக்கிட்டுப் போறதுக்கு?" என்றாள் சத்தமாக. "மூணு மாசமா இதையே சொல்றேன். மருந்துச் சீட்டையும் இந்த லட்சணத்துலதான் படிப்பீங்களா? முழுசா அழுத்துங்க. ஃபர்ஸ்ட் கியர். இப்ப சாவி. மெதுவா விடுங்க. மெதுவான்னா மெதுவா."

அம்மாளின் தோள்கள் இறங்கின. வண்டி உறுமி, நகர்ந்து, சந்திப்பைக் கடந்தது. பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"இப்ப எந்தப் பக்கம் மேடம்?"

அவள் முகத்தை இடப்பக்கக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். வெளியே கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

"நேரா," என்றாள். "நான் சொல்ற வரைக்கும் நேராப் போங்க."