ஹில்ப்லோஸ் என்ற சொல்லுக்குத் தமிழ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்ததில்தான் இந்தக் கதை தொடங்கியது.

போன மாதம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தோம். றோஷினி ஒரு கடிதத்தை என் மடியில் விரித்தாள். அவளுடைய மாமனாருக்கு ஐவி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். (உடம்பு இயலாமல் போனவர்களுக்கென்று இந்த நாட்டு அரசாங்கம் வைத்திருக்கும் காப்புறுதிக்கு ஐவி என்று பெயர்.)

"அன்ரி, இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?"

அவள் விரல் வைத்த இடத்தில் ஒரு டொச் (ஜெர்மன்) சொல் சரக்கு ரயில் மாதிரி நீண்டு கிடந்தது. எழுத்துகளை எண்ணினேன். இருபத்திரண்டு. ஹில்ப்லோசன்என்ட்ஷேடிகுங்.

தெரியாது என்று சொல்ல வெட்கம். தெரியும் என்று சொல்லப் பயம். "இரு பிள்ளை, கதையா எழுதித் தாறன்" என்றேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட ஒருத்தி வேறு எப்படித் தப்புவது?

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். கிழிக்கவில்லை, பாருங்கள்.

துன் ஏரியின் மேல் காலைப் பனி விலக, மலைகள் ஒவ்வொன்றாக —

[வேண்டாம். கதையில் வரப்போகிற பேர்சியின் வீட்டு யன்னலால் ஏரி தெரியாது. சைக்கிள் கொட்டிலும் குப்பைத் தொட்டியும்தான் தெரியும்.]

1997ஆம் ஆண்டு பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டப்படி உதவியற்றவர் எனக் கருதப்படுவதற்கான —

[இது கடிதம் எழுதியவரின் குரல். அவர் போதுமான அளவு எழுதிவிட்டார்.]

செசீலியா கணவனின் சேட்டுக்குக் கடைசிப் பொத்தானைப் பூட்டினாள்.

[இது இருக்கட்டும்.]

3

செசீலியா கணவனின் சேட்டுக்குக் கடைசிப் பொத்தானைப் பூட்டினாள். வெள்ளைச் சேட்டு, நீலக் கழுத்துப்பட்டி, பூசைக்குப் போடுகிற கோட்டு. கட்டிலில் இருந்து எழுப்பத் தொடங்கி இதுவரை ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் போயிருந்தது. வலக்கையைத்தான் முதலில் கோட்டுக்குள் விட வேண்டும், அந்தக் கை தானாக எங்கும் போகாது. இரண்டு வருடத்துக்கு முன், ஹொட்டேல் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது பக்கவாதம் வந்து பேர்சியின் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாயை மட்டும் விட்டுவைத்தது.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கிறியள்," என்றாள்.

"பாக்க வாற பொம்பிளை எத்தினை மணிக்கு வாறா?"

"பத்துக்கு."

பத்து மணிக்கு வரப்போகிறவர் பிராவ் சுட்டர், ஐவி அலுவலகம் அனுப்புகிற பெண். எந்தெந்தக் காரியத்துக்குப் பேர்சிக்கு இன்னொருவரின் கை வேண்டும் என்று வீட்டுக்கே வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் நாங்கள் என்ன செய்வோம்? செசீலியாவும் அதையே செய்தாள். கூட்டினாள், துடைத்தாள், பற்றிஸ் பலகாரம் பொரித்தாள். கட்டிலருகே இருந்த மலசலக் கதிரையை நிலவறைக்குக் கொண்டுபோய், பழைய போர்வையால் மூடிவிட்டு வந்தாள். விருந்தாளி வருகிற வீட்டில் அதையா நடுவில் வைப்பது?

(சிரிக்காதீர்கள். நீங்களும் ஒளித்து வைப்பீர்கள். நானும் வைத்திருக்கிறேன்.)

4

இங்கே கதையை நிறுத்தி ஒரு விளக்கம். றோஷினிக்காக. மற்றவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் போகாதீர்கள்.

* கிராங்கன்காஸ, அதாவது நோய்க் காப்புறுதி, வேறு. அது மருத்துவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும். தொண்ணூற்றாறிலிருந்து இந்த நாட்டில் எல்லோரும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். ஐவி பென்சன் வேறு. அது உழைக்க முடியாமல் போனதற்கு. பேர்சிக்கு அது வந்துகொண்டுதான் இருந்தது. இந்த இருபத்திரண்டு எழுத்துக்காரன் மூன்றாவது ஆள். உடுப்புப் போட, எழும்பி இருக்க, சாப்பிட, குளிக்க, மலசலத்துக்குப் போக, வெளியே நடமாட என்று இந்த ஆறு காரியங்களையும் வைத்துக்கொண்டு, எதிலெதில் தினமும் இன்னொருவர் கை வேண்டும் என்று பார்ப்பான். அந்தக் கை மனைவியின் கையாக இருந்தாலும் செல்லும். வீட்டில் வசதி இருக்கிறதா என்று கேட்க மாட்டான். பென்சன் வயது தாண்டியவர்களுக்கு முதியோர் காப்புறுதியிலும் இப்படி ஒன்று உண்டு. யாருக்கு, எத்தனை வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அலுவலகத்தில் கேளுங்கள். கதைக்காரியை நம்பிப் போம் (படிவம்) நிரப்பாதீர்கள்.

5

முதல் எழுத்தில், மொழிபெயர்க்க நிரஞ்சினி என்றொரு பெண்ணை வரவழைத்திருந்தேன். நன்றாகப் படித்தவள், ஒரு சொல் பிசகாதவள். அவள் வந்ததும் கதை செத்துப்போயிற்று. சரியான சொல் உடனேயே கிடைத்துவிட்டால் பேர்சி எதற்குக் கோபப்படுவார்? அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, சிறீதரனைக் கூப்பிட்டேன். பேர்சியோடு அதே ஹொட்டேலில் மரக்கறி வெட்டியவன். துன்னில் தமிழர் வீடுகளுக்கு வருகிற போம் எல்லாவற்றையும் அவன்தான் நிரப்புவான், அதனால் அவனுக்குப் பெயர் "போம் சிறீ".

பேர்சிக்கு ஐவி கடிதம் வந்த அன்று அதை வாசித்தவனும் அவன்தான்.

"உங்களுக்கு இன்னொரு காசும் எடுக்கலாம் போல கிடக்கு அண்ணை. ஹில்ப்லோஸ் ஆக்களுக்குக் குடுக்கிறது."

"அது ஆர் அந்த ஆக்கள்?"

சிறீதரன் தலையைச் சொறிந்தான். "ஹில்ப் எண்டா உதவி. லோஸ் எண்டா இல்லை. உதவி இல்லாத… நாதியத்த ஆக்கள்."

"ஆரடா நாதியத்தவன்?"

"நான் சொல்லேல்லை அண்ணை. கவுண்மெந்து சொல்லுது."

"கவுண்மெந்துக்கு எழுது. எனக்கு மனிசி இருக்கு. கூர் ஊரில ஒரு மகள், ஓர்லிகோனில ஒரு மகள். உன்னை மாதிரி ஒரு விசரனும் இருக்கிறான். நான் நாதியத்தவன் இல்லை எண்டு எழுது."

"அதுக்குப் போமில இடம் இல்லை அண்ணை."

"உருளைக்கிழங்கு வெட்டுறவன்ர டொச்," என்று பேர்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போமில் இரண்டு கிழமையாகக் கையெழுத்து வைக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, குளிக்க வார்த்துவிட்டுத் தூக்கும்போது செசீலியாவுக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமாகக் குளியலறைத் தரையில் வழுக்கி உட்கார்ந்தார்கள். எழும்ப முடியவில்லை. சவர்க்கார நுரையோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் செசீலியாவின் சிரிப்பு மட்டும் அழுகையாகிவிட்டது.

மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலை, வீட்டில் இந்த வேலை, இரண்டையும் இந்த முதுகு தாங்காது. ஹில்ப்லோசன் காசு கிடைத்தால் செசீலியா இல்லத்து வேலையை விடலாம். கிடைக்காவிட்டால் பேர்சியைத்தான் ஓர் இல்லத்தில் விட வேண்டிவரும்.

அன்று பின்னேரம் பேர்சி இடக்கையால் கையெழுத்து வைத்தார். ஏன் என்று சொல்லவில்லை. செசீலியாவும் கேட்கவில்லை.

6

பிராவ் சுட்டர் சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். அதிலேயே பேர்சிக்கு அவரைப் பிடித்துவிட்டது. நிமிர்ந்திருந்து, இடக்கையை நீட்டி வணக்கம் சொன்னார். சிறீதரன் நடுவில் இருந்தான்.

காலையில் உடுப்புப் போட்டுவிடுவது யார் என்று பிராவ் சுட்டர் கேட்டார். சிறீதரன் தமிழில் சொன்னான்.

"நான்தான்," என்றார் பேர்சி.

சிறீதரன் செசீலியாவைப் பார்த்தான். செசீலியா, தான் கட்டிவிட்ட கழுத்துப்பட்டியைப் பார்த்தாள்.

"கட்டில்ல இருந்து எழும்பிறது?"

"நான்தான்."

"குளிக்கிறது? அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ…"

"நான்தான் எண்டு சொல்லு. உன்ர வேலை மொழிபெயர்க்கிறது. அண்ணை ஆட்டுக்குட்டி எண்டு இழுக்காத."

பிராவ் சுட்டர் மூன்று இடத்தில் எழுதினார். இப்படியே போனால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் செசீலியா எழுந்து பற்றிஸ் பரிமாறினாள். வந்தவருக்கு வைத்தாள், சிறீதரனுக்கு வைத்தாள். பேர்சியின் தட்டை அவருடைய இடப்பக்கமாக நகர்த்தி, பற்றிஸை நாலாகப் பிய்த்து, ஆவி போக ஊதி வைத்தாள். கண்ணிமைக்கிற நேரம். செய்தது அவளுக்கே தெரியாது.

பிராவ் சுட்டர் பேனையை எடுத்தார்.

"என்ன எழுதுறா?" என்று கேட்டார் பேர்சி.

"சாப்பாடு பிச்சுக் குடுக்க வேணும் எண்டு."

பேர்சியின் முகம் கறுத்தது. "இஞ்சை பார், நான் உன்னட்டைக் கேட்டனானோ, பிச்சுத் தா எண்டு?"

"இல்லை."

"உடுப்புப் போட்டுவிடு எண்டு கேட்டனானோ?"

"இல்லை."

"குளிக்க வார் எண்டு?"

"ஒருநாளும் கேக்கேல்லை," என்றாள் செசீலியா. மேசையில் சிந்திய துகள்களை உள்ளங்கையில் கூட்டிக்கொண்டே சொன்னாள். "ரண்டு வருசமா நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லை."

இதை மொழிபெயர்ப்பதா விடுவதா என்று சிறீதரன் ஒரு கணம் யோசித்தான். பிறகு முழுவதையும் மொழிபெயர்த்தான்.

பிராவ் சுட்டர் செசீலியாவிடம் திரும்பினார். மருத்துவரின் கடிதத்தில் ஒரு மலசலக் கதிரை வருகிறதே, அது எங்கே?

"கீழ, நிலவறையில. நீங்கள் வாறியள் எண்டு…"

பிராவ் சுட்டர் சிரிக்காமல் தலையாட்டினார். தன் தாயாரும் மருத்துவர் வருகிறாரென்றால் முத்துமாலை போட்டுக்கொண்டுதான் படுத்திருப்பாராம். "அதுக்காக அவவின்ர நோய் வருத்தம் குறைஞ்சதில்லையாம்," என்று சிறீதரன் சொன்னான்.

பேர்சி அதற்குள் நியாயம் ஒன்றைத் தயார் பண்ணிவிட்டார். "சிறீ, அவவிட்டைக் கேள். ஹில்ப்லோஸ் எண்டா உதவி இல்லாதவன். எனக்கு விடிய எழும்பினா படுக்கும்வரைக்கும் உதவி இருக்கு. அப்ப நான் எப்பிடி ஹில்ப்லோஸ்?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்துவிட்டது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். யன்னலைப் பார்த்தார்.

பிராவ் சுட்டர் நேரமெடுத்து யோசித்தார். "நீங்கள் சொல்வது சரி," என்றார். "சொல்தான் பிழை. ஆனால் என்னிடம் இருப்பது இந்தப் போம்தான்." போமை மேசையில் பேர்சியின் பக்கமாகத் திருப்பி, ஒரு கோட்டைக் காட்டினார்.

"அண்ணை," என்று சிறீதரன் மெல்லச் சொன்னான். "அந்தச் சொல்லை விடுங்கோவாம். இந்தக் கோட்டில, உங்களுக்கு உதவி செய்யிற ஆளின்ர பேர் வரவேணுமாம். அக்காட்டையும் கேக்கலாமாம். ஆனா நீங்கள் 'நான்தான்' எண்டு நிண்டா, அவ அதைத்தான் எழுதுவாவாம். உண்மையாவே வெறுங்கோடுதானோ எண்டு ஒருக்கா யோசிச்சுச் சொல்லட்டாம். அவசரமில்லையாம். அவ இருக்கிறாவாம்."

7

இங்கே என் பேனை நின்றுவிட்டது. மூன்று கிழமையாக நிற்கிறது.

பேர்சியைக் கர்வக்காரராக எழுதிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. சில நாள் அவரோடு கோபித்துக்கொண்டு, கொப்பியை மூடி வைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். உடம்பு முழுவதையும் இன்னொருவர் கையில் கொடுத்த மனிதரிடம் மிஞ்சியிருப்பது "நான்தான்" என்ற ஒரு சொல். அதையும் மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்டால், அவருக்கு எப்படி இருக்கும்?

செசீலியாவைப் பற்றியும் ஒரு சந்தேகம். அவர் கேட்குமுன் எல்லாவற்றையும் செய்து செய்து, கேட்கிற பழக்கமே அவருக்கு வராமல் பண்ணியது இவள்தானோ என்று ஒரு வரி எழு —

[அந்த வரி வேண்டாம். அவளுடைய முதுகைப் பார்த்த பிறகு அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.]

8

முடிவுகளும் மூன்று எழுதினேன்.

பேர்சி "நான்தான்" என்கிறார். காசு இல்லை. ஆவணியில், செசீலியா வேலை செய்கிற அதே இல்லத்தில் அவருக்கு ஒரு கட்டில் கிடைக்கிறது. மற்றவர்களுடைய சேட்டுகளோடு அவருடைய சேட்டுகளையும் அவள் தோய்க்கிறாள்.

[எழுதிவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.]

பேர்சி கண்ணீரோடு எல்லாவற்றையும் சொல்கிறார். செசீலியா அழ, சிறீதரன் அழ, பிராவ் சுட்டரும் கைக்குட்டையைத் தேட —

[பேர்சி அழ மாட்டார். இவ்வளவு பழகிவிட்டு ஒருவரைப் பற்றிப் பொய் எழுதக்கூடாது.]

பேர்சி, "செசீலியா" என்கிறார். அவ்வளவுதான்.

[இதுதான் எனக்கு வேண்டிய முடிவு. நல்ல எழுத்தில் பிரதி பண்ணியும் வைத்தேன். விடிந்து வாசித்தால், அவர் சொன்னது மாதிரியே இல்லை. வராத கையைச் சேட்டுக்குள் விடுவது போல, அந்தப் பெயரை அவர் வாய்க்குள் நானே பிடித்து விட்டிருந்தேன். அவர் என்னிடம் கேட்கவில்லை. அழித்துவிட்டேன்.]

9

ஆகவே கோடு அப்படியே இருக்கிறது.

உதவுபவரின் பெயர்: ………………………

உங்களுக்கும் இப்போது வாய்வரைக்கும் வந்திருக்கும், பிள்ளைகளே. தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இந்த ஒன்றை அவருக்கு நாங்கள் யாரும் செய்துகொடுக்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கோடு காத்திருந்தால், அதை நிரப்ப வேண்டிய வாய் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பிராவ் சுட்டர் பேனையைத் திறந்தபடி இருக்கிறார். சிறீதரன், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான். பற்றிஸ் ஆறிவிட்டது. பேர்சி போமைப் பார்க்கிறார், செசீலியாவின் கைகளைப் பார்க்கிறார், திரும்பவும் போமைப் பார்க்கிறார்.

செசீலியாவுக்குப் பதில் தெரியும். இந்த இரண்டு வருடமும் அவருக்கு என்ன வேண்டுமென்று அவருக்கு முன்னமே தெரிந்தவள் அவள். வாய் திறந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, முந்திக்கொள்ளாமல் இருக்கிறாள்.

பேர்சி தொண்டையைச் செருமுகிறார்.