படகில் சொல்லக் கூடாத பெயர்

பாவ்சின் சீனாவின் சூச்சோ நகரில் பேருந்து ஓட்டுகிறவள். அத்தனை நீள வண்டியைச் சந்து முனையில் ஒரு கீறல் விழாமல் திருப்புகிறவளுக்கு, வருங்கால மாமியாரைப் பார்ப்பதெல்லாம் ஒரு பெரிய காரியமா? பயமெல்லாம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற வெய்லியாங்குக்குத்தான். காலையில் அவன் அம்மா இருக்கும் கால்வாய் ஊரில் வந்து இறங்கியதிலிருந்து முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தான்.

"அங்க நீ ரொம்பப் பேசாத. பேரு கேட்டா பாவ்சின்னு மட்டும் சொல்லு."

"ஏன், என் குடும்பப் பேருக்கு என்ன கொறச்சல்?"

அதற்குள் படித்துறை வந்துவிட, அவன் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டான். ஆண்பிள்ளைகளுக்கு இந்தச் சாமர்த்தியம் மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ.

அவன் அம்மா லின்தி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் படகு ஓட்டுகிறவள். இன்று வேறு யாரையும் ஏற்றவில்லை. இலையில் மடித்த பன்றிக்கறிச் சோற்றுப் பொட்டலத்தைப் பாவ்சின் கையில் திணித்துவிட்டு, அந்தக் கையையே திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல உரமான கை. வேல செஞ்ச கை. நல்லா சாப்பிடும்மா."

பாவ்சின் வெய்லியாங்கைப் பார்த்துக் கண்ணடித்தாள். இவ்வளவுதானா விஷயம்? படகு முதல் பாலத்தைத் தாண்டியது.

"உங்க குடும்பப் பேரு என்னம்மா?"

வெய்லியாங் பலமாக இருமினான்.

"சென்!" என்றாள் பாவ்சின், நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற குரலில்.

துடுப்பு நின்றுவிட்டது. அவர்கள் மொழியில் சென் என்றால் மூழ்கு என்பது போலவும் காதில் விழும். தண்ணீரில் பிழைக்கிறவர்கள் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார்கள். சென் குடும்பத்து ஆள் யாராவது படகேறினால் 'காது கிழக்கு' என்பார்கள். அந்தப் பெயரை எழுதும் சீன எழுத்தில் ஒரு பக்கம் காது என்ற குறியும் மறுபக்கம் கிழக்கு என்ற குறியும் இருக்கிறதே, அதனால்.

"டேய், இத ஏன்டா எங்கிட்ட மறைச்ச?" லின்தி துடுப்பைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டாள். "முழுகற பேரையா என் படகுல ஏத்தி வச்சிருக்க? இந்தச் சம்பந்தம் சரிப்படாது. கரையில விடறேன், ரெண்டு பேரும் எறங்குங்க."

இந்தக் கோழையைப் பாவ்சின் மனதாரக் காதலித்தாள். ஒரு பெயருக்காக அவனை விட்டுக்கொடுப்பதா? எழுந்து நின்றாள்.

"அத்தை, பொறந்ததுலேர்ந்து இந்தப் பேரோடதான் சுத்தறேன். இன்னும் எங்கயும் முழுகல. துடுப்பக் குடுங்க. எதிர்ல தெரியற அந்தப் பாலத்தத் தாண்டிட்டா நான் உங்க மருமக. கவுத்துட்டா, நானே நீந்திப் போயி பஸ் ஏறிக்கறேன்."

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

லின்தியின் உதடு சிரிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டு துடுப்பை நீட்டினாள்.

படகு ஒரு சுற்று சுற்றியது. கல்கரையில் மோதியது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து வேடிக்கை பார்த்தார்கள். வெய்லியாங் கண்ணை மூடிக்கொண்டான். பாவ்சின் பல்லைக் கடித்தாள். படகின் வாலை இந்தப் பக்கம் தள்ளினால் மூக்கு அந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதானே! இன்னொரு முறை இடித்தாள், திருப்பினாள். படகு கோணல்மாணலாகப் பாலத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

எதிரே வந்த கிழட்டுப் படகுக்காரர் அலறினார். "லின்தி! யாரது உன் படகுல கூத்தடிக்கறது?"

"என் மருமக!"

"பேரு?"

"காது கிழக்கு, மாமா!" என்று வெய்லியாங் முந்திக்கொண்டான்.

"நீ வாய மூடு." லின்தி எழுந்து படகின் கூரைக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கால்வாய் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "சென்! சென் பாவ்சின்!"

கிழவர் கையிலிருந்த துடுப்பு நழுவியது. லின்தி சட்டென்று குனிந்து, எதற்கும் இருக்கட்டும் என்று, தண்ணீர் கசிகிறதா எனப் படகின் அடிப்பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.