மகாராணி காலத்துக் குளியல் தொட்டி

ஊர்காவற்றுறைக்குக் கப்பல்கள் வந்த நாளில், விக்டோரியா மகாராணி காலத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி கட்டிய வீடுதான் எங்கள் ஹோட்டல். கப்பல்கள் இப்போது வருவதில்லை. ஹோட்டலின் வெப்சைட்டை என் மனைவி கஜானி எழுதினாள். போன ஆடியில் அவள் இறந்தாள். பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. ஆகவே வீட்டை மாற்றுகிறேன். ‘மாலையில் பியானோ இசை’ என்று எழுதியிருந்தாள். பின்னேரங்களில் கைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பாட விடுகிறேன்.

லண்டனிலிருந்து வந்து அறை எடுத்த சத்தியபாமா அக்கா பெட்டியைத் திறக்கவேயில்லை.

“தம்பி, வெப்சைட்டிலை போட்டிருக்கிற சிங்கக்கால் வைச்ச குளியல் தொட்டி எங்கை?”

“மினுக்கக் குடுத்திருக்கு, அக்கா.”

“அதுக்காகத்தான் வந்தனான். இல்லையெண்டால், இதை எழுதின ஆள் பொய்க்காரர் எண்டு ஊருலகத்துக்குச் சொல்லிப்போடுவன்.”

கஜானியை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு வளவுக்கு நடந்தேன்.

தொட்டி உண்மைதான். சண்டைக் காலத்தில் ஆளில்லாமல் கிடந்த எங்கள் வீட்டிலிருந்து இளையதம்பி அண்ணை அதைக் ‘காப்பாற்றி’, அதில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்திருந்தார். முதலில் எழுதுவோம், பிறகு கேட்டு வாங்குவோம் என்று கஜானி சொல்லியிருந்தாள்.

“ஒரு நாளைக்குத் தாங்கோ, அண்ணை.”

“ஏலாது. லட்சுமி நிறைசினை. வேறை ஏனத்திலை வாய் வைக்க மாட்டாள். வேணுமெண்டால் உம்மடை ஆள் இஞ்சை வந்து குளிக்கட்டும்.”

“லண்டனிலை இருக்கிற ஆள், அண்ணை.”

“லட்சுமி ஒண்டும் நினைக்க மாட்டாள்.”

தொட்டியைத் தேய்த்தேன். கட்டில் விரிப்புகளைச் சுற்றிவரக் கட்டினேன். குசினியில் தண்ணீர் காய்ச்சிச் சுமந்து ஊற்றினேன். அக்கா மாட்டுக்கொட்டிலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, உள்ளே போனா. தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. பிறகு அலறல்.

“தம்பி! மாடு வந்து குடிக்குது!”

“கலையுங்கோ, அக்கா!”

“எப்பிடிக் கலைக்கிறது? நான் உள்ளுக்கை எல்லே இருக்கிறன்!”

வேலியோரமிருந்து இளையதம்பி அண்ணை கத்தினார்: “சோப் போட்டிடாதேங்கோ பிள்ளை, வயித்திலை கண்டுக்குட்டி!”

விரிப்புக்குள் சிரிப்புக் கிளம்பியது. நெடுநேரம் அடங்கவில்லை.

அக்கா தலையில் துவாயோடு வெளியே வந்தா. “பொய்யில்லை, தம்பி. தொட்டி அந்தமாதிரி, சோக்கான சாமான். மாடு வருமெண்டதையும் வெப்சைட்டிலை போட்டுவிடும். சனம் அதுக்கெண்டே வரும்.”

“ஏலாது, அக்கா.”

“ஏன், ஒரு வரிதானே?”

“அது என்ரை மனுசி எழுதினது.”

“அப்ப அவவைக் கூப்பிடும். நானே சொல்லுறன்.”

அக்காவின் துவாய் நன்றாக நனைந்திருந்தது. இன்னொன்று எடுத்துவரப் போனேன்.