சக்கீனாவின் மகன்

மையித்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் இறந்தவரின் சட்டையைக் கத்தரித்து உருவியபோது, பையிலிருந்து ஒரு வெங்காயம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. குனிந்து எடுத்த ஹபீல் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு திரைச்சீலையை லேசாக விலக்கி, உள்ளறையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தன் கூடப்பிறந்த ராத்தா கைரியாவிடம் நீட்டினான்.

“ராத்தா, இது மச்சான்ட பையில இருந்த.”

கைரியா வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். அவளுக்கு அது புதிதில்லை. இருபத்தொரு வருஷமாக அவளுடைய புருஷன் சாஹுல் ஹமீதின் சட்டைப் பையில் ஒரு வெங்காயம் இருந்துகொண்டேதான் இருந்தது. ஒன்று முளைவிட்டால் குசினிக் கூடையிலிருந்து இன்னொன்று போகும். எதற்கென்று கேட்டால், “காத்துக்கு” என்பார். கம்பளையில் அப்படி என்ன காற்று? மகாவலிப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றுதானே! அதற்கு வெங்காயம் என்ன செய்யும்? துரைமாருக்குக் குதிரைச் சேணம் தைக்கிற மனுஷன். தோல் நாற்றம் போதாதென்று வெங்காய நாற்றத்தையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் எந்தப் பெண்தான் வாய் திறக்காமல் இருப்பாள்? முதல் ஐந்து வருஷம் சண்டை போட்டாள். அதற்குப் பிறகு வடக்கத்தி ஆளின் கிறுக்கு என்று விட்டுவிட்டாள்.

திரைக்கு வெளியே பள்ளிவாசல் லெப்பை தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, மனசத் தேத்திக்கொள்ளுங்கோ. மாப்பிள்ளைட உம்மாட பேரென்ன?”

கைரியா தலையைத் தூக்கினாள். அவளுக்காக ஹபீல்தான் கேட்டான்.

“அது என்னத்துக்கு லெப்பை?”

“அடக்கின பொறகு கபுறடியில தல்கீன் ஓதோணுமே. கபுறுக்குள்ள மலக்குமார் வந்து கேள்வி கேக்கக்குள்ள இன்ன பதில் சொல்லுண்டு மவுத்தானவருக்குச் சொல்லிக் குடுக்கிற. இன்ன உம்மாட மகனேண்டு பேர் சொல்லித்தான் கூப்பிடோணும்.” லெப்பை நல்ல மனுஷன். அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவராகவே ஒரு வழியும் வைத்தார். “தெரியாட்டியும் குத்தமில்ல. ஹவ்வா உம்மாட மகனேண்டு சொல்லலாம். எல்லாரும் அவங்கட மக்கள்தானே.”

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் அடுத்த வீட்டு றம்லத் ராத்தா உட்கார்ந்திருந்தாள். ஊரில் எந்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லக்கூடியவள்.

“அல்லாவே! இருவத்தொரு வருசம் சோறாக்கிப் போட்டீங்க. மாமிட பேர் தெரியாதா கைரியா?”

நான்கைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைரியாவுக்கு முகம் எரிந்தது.

மாமியின் பேர் என்ன, அவருடைய ஊரில் ஒரு மனுஷப் பிறவியின் பேரும் அவளுக்குத் தெரியாது. ஊரைப் பற்றி மட்டும் அவர் சொல்லாத நாள் கிடையாது. லக்னோ. பக்கத்தில் கோம்தி என்று ஓர் ஆறு. கோடையில் அதன் மணல் படுகையில் வெள்ளரியும் முலாம்பழமும் மலிந்து கிடக்கும். வைகாசி பிறந்தால் மேற்கேயிருந்து அனல் காற்று அடிக்கும். நடுப்பகலில் தெருவில் நாய்கூட நடக்காது. வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி அதன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மார்கழியில் அதற்கு நேர்மாறு. நீட்டின கை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும். அங்கே ஒரு நவாப் இருந்தார். கும்பெனி அவரைப் பல்லக்கில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அன்றைக்கு ஊரில் யாரும் உலை வைக்கவில்லை. அடுத்த வருஷமே சிப்பாய்க் கலகம். ஆறு மாதத்துக்கு மேல் பீரங்கி. மொட்டைமாடிகளில் புறா பறக்கவிட்டவர்களும் இல்லை, புறாவும் இல்லை.

கதையெல்லாம் இவ்வளவு அழகாகச் சொல்வார். அதில் வருகிறவர்கள் எல்லாரும் ‘ஒரு ஆள்’, ‘ஒரு பொம்பிளை’, ‘ஒரு கிழவன்’. “உங்கட வீட்டில யாரெல்லாம் இருந்தாங்க?” என்று கேட்டால் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவார். ஒரே ஒரு தடவை, “எல்லாரும் போயிட்டாங்க” என்றார். ஒரு ஊரே ஆள் பேர் இல்லாமல் இருக்குமா? இருந்தால் ஏதோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்? அங்கே ஒரு பெண்டாட்டி இருந்திருக்க வேண்டும் என்று கைரியா முடிவு கட்டி வெகுகாலம் ஆகிறது. தனக்குப் பிள்ளை பிறக்காமல் போனதும் அந்தச் சந்தேகம் இன்னும் கூடிற்று.

மூன்று நாள் காய்ச்சலில் அது வெளியே வந்தது. இரண்டாம் நாள் அவருக்குத் தமிழ் போய்விட்டது. கைரியாவுக்குப் புரியாத அந்த இந்துஸ்தானியில் பேசத் தொடங்கினார். அதில் அவளுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்தான். சக்கீனா. ஈரத்துணியை நெற்றியில் வைத்தால் சக்கீனா. கஞ்சியை வாயில் ஊற்றினால் சக்கீனா.

இன்று விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து அவள் குனிந்து அவர் காதில் கேட்டாள். “யாரு சக்கீனா?”

அவர் கண்ணைத் திறந்தார். சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவள் கண்டதே கிடையாது. கல்யாணத்தன்றுகூட இல்லை. சிரித்தபடி மெதுவாக ஒரு வசனம் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக. இவ்வளவு காலமும் எவளுக்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்த சிரிப்பு! கைரியாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப அவளையே கூப்பிட்டுக்கொள்ளுங்கோ. அவள் வந்து துடைச்சு விடட்டும்” என்று துணியைச் சட்டிக்குள் எறிந்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அடுப்பை ஊதினாள். கோப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்தது. கொதித்துப் பாதியாக வற்றியது. அவள் எழும்பவில்லை. அழுகை அடங்கிய பிறகு வந்து பார்த்தபோது அவருடைய வாய் திறந்து கிடந்தது. கண் கதவுப் பக்கம் பார்த்தபடி இருந்தது. நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆளில்லை. காதில் கலிமா சொல்ல ஆளில்லை.

“கலிமா சொல்லிக் குடுத்தீங்களா ராத்தா?” என்று ஓடிவந்த ஹபீல் கேட்டான்.

“ஓ, குடுத்தேன்” என்றாள்.

பிறகுதான் அந்தக் கடைசி வசனம் அவளை அரிக்கத் தொடங்கியது. நாவலப்பிட்டிப் பாதையில் போன ஒரு வண்டிக்காரரிடம், மலைத் தோட்டத்துத் துரையின் குதிரைக்காரர் பீர் பக்ஷை வரச் சொல்லி அனுப்பினாள். அந்தப் பாஷை தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. லெப்பையோ காத்திருக்க மாட்டார். இதோ திரைக்கு வெளியே நிற்கிறார்.

“தங்கச்சி?”

சக்கீனா யார்? பெண்டாட்டியாக இருக்கலாம். உம்மாவாகவும் இருக்கலாம்தானே. சாகப்போகிற மனுஷன் உம்மாவைத்தானே கூப்பிடுவான்? மாமி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மாமியைப் பார்த்துச் சிரித்தால் யாருக்கும் வயிறு எரியாது. அவள் றம்லத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னாள்.

“சக்கீனா.”

“சக்கீனா” என்று லெப்பை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நல்ல பேர்.”

றம்லத் ராத்தா வாயை மூடிக்கொண்டாள். சொன்ன மாத்திரத்தில் கைரியாவுக்கே அது உண்மைபோல் ஆகிவிட்டது. பாவம், மாமி, என்றுகூட நினைத்தாள்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு மழையோடு மழையாகப் போனார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. கைரியா வெள்ளைச் சீலை உடுத்து இத்தாவுக்கு உட்கார்ந்துவிட்டாள். இனி நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் பார்வையில் படக்கூடாது. ஜன்னல் வழியே பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் மலை தெரிந்தது. இலைநோய் விழுந்து மொட்டையாகிப் போன கோப்பித் தோட்டங்கள். ஏழெட்டு மாதமாகத் துரைமார் குதிரையை விற்றுக்கொண்டிருந்தார்கள். சேணம் கேட்டு யாரும் வரவில்லை. கடையில் அவர் கடைசியாகத் தைத்த சேணம் பூஞ்சணம் பூத்துத் தொங்கியது.

ஹபீல் முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தான்.

“கபுறுக்குள்ள தண்ணி ஊறிக்கொண்டே வந்த ராத்தா. சட்டியால அள்ளி அள்ளித்தான் வெச்ச.”

“பேரச் சொன்னாரா?”

“மூணு தரம் சொன்னாரு. சக்கீனாட மகனே சாஹுல் ஹமீதேண்டு.”

கைரியா மூச்சை விட்டாள். வெயில் ஊரில் பிறந்த மனுஷன் தண்ணீரில் படுத்திருக்கிறார். பேராவது துணைக்கு இருக்கட்டும்.

பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் பீர் பக்ஷ் வந்து சேர்ந்தார். தலையில் சாக்கு. அறுபது வயதைத் தாண்டிய, எலும்பும் தோலுமான மனிதர். ஹபீல் கதிரையை இழுத்துப் போட்டான். அவர் ஈரத்தோடு உட்கார மறுத்து நின்றுகொண்டே திரையைப் பார்த்துப் பேசினார்.

“பாதை சரிஞ்சு போச்சும்மா. அதான் சுணங்கிட்டேன். முகத்தக்கூடப் பார்க்க முடியல.”

“உங்களோட அவர் ஊர்க் கதை ஒண்டும் பேசல்லையா?”

“எங்க பேசினாரு! நான் கான்பூர்ப் பக்கம். நான் நம்ம பாஷையில சலாம் சொன்னா அவரு தமிழ்ல குதிரைக்கு முதுகு என்ன அளவுன்னு கேப்பாரு. நானும் விட்டுட்டேன்.”

“கடைசியா ஒரு வசனம் சொன்னாரு. எனக்கு அர்த்தம் தெரியாது. சத்தம் ஞாபகம் ஈக்கி.” கைரியா கண்ணை மூடிக்கொண்டு, காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்ததை அப்படியே சொன்னாள். “சக்கீனா, சத் ஸே உதர் ஆ. பியாஜ் கஹாங் ஃபேங்க் தீ? லூ லக் ஜாயேகீ.”

பீர் பக்ஷ் திரைக்கு நெருங்கி வந்தார். மழை கூரையில் கொட்டியது.

“இன்னொரு தரம் சொல்லுங்கம்மா.”

சொன்னாள்.

பீர் பக்ஷ் தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சக்கீனா, மாடியிலருந்து எறங்கி வா. வெங்காயத்த எங்க வீசிட்ட? அனல் காத்து அடிச்சிரும். அதாம்மா அர்த்தம். சின்னப் புள்ளைக்குச் சொல்றது. எங்க பக்கம் கோடையில புள்ளைங்க சட்டையில ஒரு வெங்காயம் முடிஞ்சு விடுவாங்க. அனல் தாக்காதுன்னு ஒரு நம்பிக்க. புள்ளைங்க நாத்தம் பிடிக்காம தூக்கி எறிஞ்சிரும். அஞ்சு வயசு, ஆறு வயசு வரைக்கும் இதே ரோதனதான்.”

ஹபீல் திரையைப் பார்த்தான். “மச்சான் லக்னோ ஆள். அப்ப சக்கீனாங்கிறது…”

“மகளா இருக்கும்” என்றார் பீர் பக்ஷ். “லக்னோ ஆளா அவரு? யா அல்லா. கலகத்துக்கப்புறம் அந்த ஊர்லருந்து தனி ஆளா வந்தவங்ககிட்ட புள்ளகுட்டியப் பத்தி நாங்க யாருமே கேக்க மாட்டோம்மா.”

அவர் இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும் என்றார். திரையைப் பார்த்து ஒரு சலாம் சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

ஹபீல் திரைக்குள் வந்து ராத்தாவின் முன்னால் குந்தினான்.

“லெப்பைட்ட போய்ச் சொல்லவா ராத்தா? பேர் பிழைண்டு?”

“சொல்லி? பெத்த மகளுக்கு மகனாக்கிட்டேன் அவர. மூணு தரம் கூப்பிட்டாச்சு. அதக்கூட விடு. ஹபீல், நான் கலிமா சொல்லிக் குடுக்கல்ல. பக்கத்தில இருக்கல்ல. குசினியில குந்திக்கொண்டு அழுதேன். ஒரு சின்னப் பிள்ளைல பொறாமப்பட்டு… செத்துப்போன பிள்ளைல… அவர விட்டுட்டுப் போனேன்.”

ஹபீல் அவளுடைய கையைப் பிடித்தான், அவள் இழுத்துக்கொண்டாள். அவன் எழுந்து வெளியே போய்ச் சேற்றுக் காலைக் கழுவத் தொடங்கினான்.

குசினியில் றம்லத் ராத்தா வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். தாளிக்க வெங்காயம் போதவில்லை போலிருக்கிறது. கையில் கத்தியோடு உள்ளறைக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, ஜன்னல் கட்டையில் இருந்ததை எடுத்தாள்.

“வைங்கோ!”

காலையிலிருந்து கைரியா போடாத சத்தம் அது. றம்லத் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

“என்ன கைரியா? முளை விட்டுட்டுது பாருங்கோ. ரெண்டு நாள் போனா வீணாப் போயிடும்.”

“இது வாணாம் ராத்தா. வேற எடுங்கோ. கூடையில ஈக்கும்.”

றம்லத் வெங்காயத்தை அவள் உள்ளங்கையில் வைத்தாள். முனையில் பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. கைரியா வெள்ளைச் சீலையின் தலைப்பை இழுத்து, அதை நடுவில் வைத்து, ஒரு முடிச்சுப் போட்டாள். அவிழ்ந்துவிடாமல் இன்னொரு முடிச்சும் போட்டாள். குசினியிலிருந்து, கஞ்சிக்கு உப்புப் போட்டாயிற்றா என்று யாரோ கேட்டார்கள்.